அடிக்க வேண்டிய நாற்பத்தொரு பெயர்கள்

“வராதவங்க பேரையெல்லாம் அடிச்சிடலாம் மேடம்” என்றார் டாக்டர் பொன்னரசு.

சர்க்கரை நோயாளிகளின் விழித்திரையில் ரத்தக் கசிவை நிறுத்த ஒரு மாத்திரை. அதைப் பற்றிய இரண்டு வருட ஆராய்ச்சி அவர் கையில் கட்டாக இருந்தது.

எதிரே டாக்டர் மெஹருன்னிசா. இருவருக்கும் வயது முப்பத்தெட்டுதான். ஆனால் ஆராய்ச்சியில் மெஹருன்னிசா குரு, பொன்னரசு சீடர். அறுவை சிகிச்சையில் பெயர் வாங்கிவிட்டு வந்த சீடர், அதனால் கொஞ்சம் மிதப்பு உண்டு.

“சேர்ந்தது இருநூத்திப் பன்னெண்டு பேர். கடைசி வரைக்கும் வந்தது நூத்தி எழுபத்தொண்ணு. அதுல முக்கால்வாசிப் பேருக்குக் கசிவு குறைஞ்சிருக்கு. மருந்து ஜெயிச்சிடுச்சு மேடம்!”

“மீதி நாப்பத்தொண்ணு?”

“அலட்சியம். ஒவ்வொரு தடவையும் கண்ணைப் பார்த்து முடிச்சதும், அடுத்த தேதியைச் சீட்டுல அச்சடிச்சுக் கையில கொடுக்குறோம்.”

“போன் பண்ணீங்களா?”

“சீட்டு கொடுத்த பிறகு எதுக்கு போன்? முதல் பேரைப் பாருங்க. சவரிமுத்து. முப்பது வருஷம் வாத்தியாரா இருந்து, ஹெட்மாஸ்டரா ரிட்டயர் ஆனவர். படிக்கத் தெரியாதவரா?”

மெஹருன்னிசா எழுந்தார். சொட்டு மருந்தை எடுத்தார். விழித்திரையைப் பார்ப்பதற்கு முன், கண்மணி விரிவதற்காக எல்லா நோயாளிக்கும் போடுகிற மருந்து.

“தலையைச் சாய்ங்க.”

எரிந்தது. “எரியாதும்மா, சில்லுனு இருக்கும்” என்று ஆயிரம் பேருக்குச் சொன்ன மனிதர் நாற்காலியிலிருந்து துள்ளினார். நன்றாக வேண்டும்.

அரை மணி நேரம் கண்ணை மூடி உட்காரச் சொன்னார் மெஹருன்னிசா. பிறகு கையில் ஒரு சீட்டைக் கொடுத்தார்.

“படிங்க.”

பொன்னரசு கிட்டே கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார். ஜன்னல் பக்கம் திரும்பினார், கண் கூசியது. எழுத்தெல்லாம் ஈசல் கூட்டமாக இருந்தது.

“தேதி தெரியல மேடம்.”

“உங்களுக்குச் சாயங்காலம் தெரிஞ்சிடும்.”

அவ்வளவுதான் சொன்னார்.

பொன்னரசு சீட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் யார், வராதவர்கள் யார் என்று அப்போதுதான் யோசித்தார். மருந்து கேட்காமல் பார்வை மங்கியவர்கள் சீட்டை எப்படிப் படிப்பார்கள்?

“சிஸ்டர், சவரிமுத்து சார் நம்பரைப் போட்டுக் கொடுங்க. எனக்குக் கண்ணு தெரியல.”

மறுமுனையில் மணி இரண்டு முறை அடித்தது.

“சார், நான் கண் டாக்டர் பொன்னரசு. ஏன் சார் வரல?”

“சீட்டு பத்திரமா இருக்கு டாக்டர்” என்றது குரல். “ஒண்டி ஆளு நான். ஊருல எல்லாம் நான் எழுத்து சொல்லிக்கொடுத்த பசங்க. அவங்ககிட்டப் போய், இதைப் படிச்சுச் சொல்லுங்கடான்னு எப்படிக் கேக்குறது?”

பொன்னரசு ஆராய்ச்சிக் கட்டை ஓரமாக நகர்த்தினார்.

“தேதி தாண்டியிருந்தா மன்னிச்சிடுங்க டாக்டர். அதுல என்னைக்குன்னு போட்டிருக்கு?”

தன் கையில் இருந்த சீட்டை அவர் இன்னொரு முறை பார்த்தார்.

“நாளைக்குன்னு போட்டிருக்கு சார். வண்டி வரும்.”