மாம்பழத்துக்கு எவ்வளவு குளிர்?

நத்தத்தில் தனபாலன் புதிதாகக் குளிர்பதனக் கிடங்கு கட்டியிருந்தார். மகள் கல்யாணத்துக்கு இருபது நாள் இருந்தது. ஆயிரம் மாங்காய்களை உள்ளே அடுக்கச் சொல்லிவிட்டு, தரம் பிரிக்கும் அமலோற்பவத்திடம், "ரெண்டு டிகிரியில வை. ஒண்ணு கறுத்தாலும் உனக்கு இங்க வேலை இல்ல" என்றார்.

"பதிமூணுக்குக் கீழ போனா மாங்காய் தாங்காதுங்கய்யா. தோல் கறுத்துடும், அப்புறம் பழுக்கவே பழுக்காது."

"மெஷின் வாங்கினது நானா, நீயா?"

"நீங்கதாங்க. அப்ப குளிர் சரியா இருக்கான்னு நீங்களே உள்ள வந்து பார்த்துச் சொல்லிடுங்க."

அவள் ரெண்டு டிகிரியில் வைத்துக் குளிர் ஏறியதும், தனபாலன் சட்டை மடிப்புக் கலையாமல் உள்ளே போனார். வெண்பனி மேகம்போல மிதந்தது. அதற்குள் மாங்காய்கள் கனவில் கண்டவைபோல மங்கலாகத் தெரிந்தன. அமலோற்பவம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஒவ்வொரு கூடையாக நிதானமாகக் காட்டினாள். ஏழாவது கூடையில் அவருக்குப் பல் தந்தியடித்தது.

"போதும்! மனுஷன் நிக்கிற அளவுக்குக் குளிரைக் குறை!"

"உத்தரவுங்க" என்று அவள் பதிமூன்றில் வைத்தாள்.

கல்யாணப் பந்தியில் பழங்கள் பொன்னாய் மின்னின. வாயில் வைத்தவர்கள் பேச்சை மறந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். சம்பந்தி சொக்கிப்போய், "எப்படிங்க இது?" என்றார்.

"எவ்வளவு குளிர் வேணும்னு நானே அளந்து சொன்னேன்" என்றார் தனபாலன்.

இலையில் பழம் வைத்துக்கொண்டிருந்த அமலோற்பவம் நிமிர்ந்தாள்.

"ஆமாங்க. பல்லாலேயே அளந்தாங்க."