நிழலுக்கு வந்த மீன்கள்

"பிடி! பிடி! விடாதே!"

பொழுது விடிந்து முதல் வெயில் விழுந்த நேரத்தில் குடிலின் கொல்லைப்புறத்திலிருந்து அந்தக் குரல் கிளம்பியது. கேட்டவர்கள் எல்லாம் திருடன்தான் என்று ஓடிவந்தார்கள். சமையல்கட்டிலிருந்து பேச்சித்தாய் கையில் அகப்பையோடு வந்தாள்.

வந்து பார்த்தால், குளக்கரையில் மாசிலாமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். வானத்தில் ஒரு சாம்பல் நாரை, அலகில் மீனோடு, அவசரமே இல்லாமல் பறந்து போய்க்கொண்டிருந்தது.

"அதைப் போயி எப்படிய்யா பிடிக்க?" என்றாள் பேச்சித்தாய்.

மாசிலாமணி கரையோரமாக நாரையின் பின்னாலேயே ஓடினார்.

மாசிலாமணி சாதாரண ஆள் இல்லை. ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர். வேலையில் இருந்த காலத்தில் அவர் தெருமுனையில் திரும்பினாலே டீக்கடை பெஞ்சு காலியாகும், விளையாடுகிற பிள்ளைகள் வீட்டுக்குள் ஓடும். உடுப்பைக் கழற்றிய பிறகும் பெஞ்சு காலியாகிக்கொண்டேதான் இருந்தது. பெற்ற மகனே வாசற்படியில் நின்றுதான் பேசினான். பேசி முடித்ததும் "சரிங்கப்பா" என்று போய்விடுவான். அந்தச் சரிங்கப்பாவைக் கேட்டுக் கேட்டு வெறுத்துப் போய்த்தான் அவர் மலையடிவாரத்துக் குடிலுக்கு வந்து சேர்ந்தார்.

குடிலின் குரு நாச்சியாரம்மா. மாசிலாமணியைவிட வயதில் எவ்வளவோ இளையவர். மாசிலாமணி வந்த அன்றே விழுந்து கும்பிட்டு, தியானம் சொல்லிக்கொடுக்கும்படி கேட்டார். அம்மா ஒரு தேங்காய்ச் சிரட்டையில் பொரியும் தவிடும் கலந்து நீட்டினார்.

"கொல்லையில குளம் இருக்கு. மீனுக்குப் போடுங்க."

"தியானம்?"

"போட்டுட்டு வாங்க, பாப்போம்."

முதலில் மீன்களும் ஓடத்தான் செய்தன. மனிதர் தளரவில்லை. தினமும் காலையில் கிழக்குப் படித்துறையில் இறங்கி, கடைசிப் படியில் நிற்பார். முதுகில் இளவெயில் அடிக்கும், நிழல் தண்ணீரில் நீளமாக விழும். பொரியைப் போட்டுவிட்டு அப்படியே நிற்பார். ஒரு மீன் வந்தது. பிறகு இரண்டு, மூன்று. பிறகு பொரி விழ வேண்டிய அவசியம்கூட இல்லை. நிழல் விழுந்தால் போதும், குளமே திரண்டு வந்துவிடும்.

அதில் ஒரு பெரிய கெண்டைக்கு வாயின் இரண்டு பக்கமும் மீசை. அதற்கு ஏட்டு என்று பேர் வைத்தார். ஒருநாள் ஏட்டு வந்து அவர் விரலைச் சப்பியது. மாசிலாமணி ஈரக்கையோடு அம்மாவிடம் ஓடினார்.

"அம்மா, அது என்னைப் பாத்துப் பயப்படலம்மா! விரலைத் தொட்டுச்சு! நெசமாவே தொட்டுச்சும்மா!"

அறுபது வயதில் ஒருவன் இப்படிக் குதிப்பதைக் குடில் அதுவரை பார்த்ததில்லை. அன்று முழுக்க அந்த விரலை எல்லாருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தார். மனுசன் சந்தோஷமாக இருந்தார், அவ்வளவுதான். அப்படிப்பட்ட குளத்தில்தான் நாரை வந்து வாய் வைத்தது.

விடுவாரா இன்ஸ்பெக்டர்? அன்றே நடவடிக்கை தொடங்கியது.

குளத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, அதில் தட்டு, மூடி, தம்ளர் என்று கண்ணில் பட்டதையெல்லாம் தொங்கவிட்டார். காற்றடித்தால் கோயில் திருவிழா மாதிரி சத்தம். நாரை ஒருநாள் தூர நின்று கேட்டது. மறுநாள் தட்டுக்குக் கீழேயே வந்து நின்று மீன் பிடித்தது.

"நாரைக்குப் பழகிருச்சு. எங்களுக்குத்தான் சாப்பிடத் தட்டு இல்ல," என்று பேச்சித்தாய் பாத்திரங்களை அவிழ்த்துக்கொண்டு போனாள்.

அடுத்து வைக்கோல் பொம்மை. பெட்டியின் அடியில் கிடந்த தன் பழைய காக்கி உடுப்பை எடுத்து அதற்கு மாட்டினார். தொப்பியும் வைத்தார். தூரத்திலிருந்து பார்த்தால் மாசிலாமணியேதான். அதைப் பார்த்து அவருக்கே ஒருகணம் நிமிர்ந்து நிற்கத் தோன்றியது.

"இதைப் பாத்து நடுங்காத ஆளே இந்தச் சுத்துவட்டாரத்துல கெடையாது," என்றார்.

காலையில் நாரை அந்தத் தொப்பியின் மேல் ஒற்றைக்காலில் நின்று இறகு கோதிக்கொண்டிருந்தது. இறங்கும்போது தொப்பியில் ஒரு மரியாதையும் செய்துவிட்டுப் போயிற்று. குடிலே சிரித்தது. நாச்சியாரம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சிரிங்க, சிரிங்க," என்றார் மாசிலாமணி. "வலை வாங்கியாறேன், அப்புறம் பாருங்க."

"போட்டுப் பாருங்களேன்," என்றார் அம்மா.

வலையைக் குளத்தின் மேல் தண்ணீரோடு ஒட்டி இழுத்துக் கட்டி முடிக்கச் சாயங்காலம் ஆயிற்று. ஒரு சருகுகூட உள்ளே போகாத கட்டு. மறுநாள் காலை நாரை வந்து சுற்றிப் பார்த்துவிட்டு ஏமாந்து போனது. மாசிலாமணி வெற்றிச் சிரிப்போடு சிரட்டையை எடுத்துக்கொண்டு படி இறங்கினார். நிழல் விழுந்தது. வழக்கம்போல மீன்கள் பாய்ந்து வந்தன. வந்த வேகத்தில் இரண்டு மீன் வலையில் தலையை நுழைத்துச் செவுள் மாட்டிக்கொண்டன. அவர் கத்தியைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடிவந்து அறுப்பதற்குள் இரண்டும் துடித்து அடங்கிவிட்டன.

வலையை அவரே பிய்த்து எறிந்தார். நேராக அம்மாவின் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"அம்மா, எனக்கு வேற எதுவும் வேண்டாம். அந்த நாரையை என்ன செய்யணும்னு மட்டும் சொல்லுங்க."

"அது எப்படிப் பிடிக்குது?"

"எப்படின்னா? கொத்தித்தான்."

"நீங்க பாத்தீங்களா?"

"எங்கம்மா பாக்க? தலை தெரிஞ்ச உடனே விரட்டிருதேனே."

"அப்ப பாக்கல." அம்மா எழுந்தார். "நாளைக்கு விரட்டாதீங்க. வாழைக்குப் பின்னால உக்காந்து பாருங்க."

"மீனைத் தின்னுமேம்மா!"

"பாருங்க."

மறுநாள் மாசிலாமணி வாழைக்கூட்டத்துக்குப் பின்னால் பதுங்கினார். கொசு கடித்தது, தட்டவில்லை. எத்தனையோ பேரை இப்படிப் பதுங்கிப் பிடித்தவர்தான். ஆனால் மீனுக்காகப் பதுங்கியது இதுதான் முதல் தடவை.

வெயில் ஏறியதும் நாரை வந்தது. குளத்தின் மேல் ஒரு வட்டம் போட்டது. பிறகு கிழக்குப் படித்துறையில் இறங்கி, ஒவ்வொரு படியாக நடந்து, கடைசிப் படியில் நின்றது. அவர் நிற்கிற அதே இடம்.

அதன் நிழல் தண்ணீரில் நீளமாக விழுந்தது.

நாரை எதுவுமே செய்யவில்லை. சும்மா நின்றது. குளத்தின் நாலு மூலையிலிருந்தும் மீன்கள் கிளம்பின. தாமரை இலைக்கு அடியில் இருந்தது, பாசிக்குள் இருந்தது, எல்லாம் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடிவந்து அதன் காலடியில் வாயைத் திறந்து நின்றன. எல்லாவற்றுக்கும் முன்னால் ஏட்டு. நாரை தலையைச் சாய்த்து, சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி, எதை எடுக்கலாம் என்று பார்த்தது.

"ஏட்டு! ஓடு! ஓடுலே!"

மாசிலாமணி வாழையை முறித்துக்கொண்டு பாய்ந்தார். நாரையின் அலகு இறங்கியது. தண்ணீர் தெறித்தது. அவர் படியில் வழுக்கி அப்படியே குளத்துக்குள் விழுந்தார். எழுந்தபோது நாரை இல்லை. ஏட்டு இருந்தது. முதுகில் நீளமாக ஒரு கீறல். அந்தக் கீறலோடும் அது நேராக அவர் கைக்குத்தான் வந்தது.

சொட்டச் சொட்ட நனைந்து அம்மாவிடம் போனார்.

"அம்மா, அது பிடிக்கவே இல்லம்மா. நான்தான் பிடிச்சுக் குடுத்திருக்கேன். நான் பழக்குன பழக்கம்மா."

நாச்சியாரம்மா எழுந்தார். தென்னை மரத்தடிக்குப் போய் ஒரு காய்ந்த மட்டையை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார்.

"போய் எப்பவும் நிக்கிற படியில நில்லுங்க. அதுக வரும். வந்ததும் அடிங்க."

"யாரை?"

"தண்ணியை."

மாசிலாமணிக்குப் புரிந்தது. புரிந்ததும் மட்டையைக் கீழே போட்டுவிட்டார்.

"என்னால முடியாதும்மா. பேச்சித்தாய் அடிக்கட்டும்."

"பேச்சித்தாய் நிழலுக்கு ஒரு மீனும் வரலியே."

"அம்மா, என் ஆயுசுல பயப்படாம எங்கிட்ட வந்தது இதுக மட்டுந்தான்."

"தெரியும்," என்றார் அம்மா. பிறகு குளத்துக்கு அப்பால் நின்ற பனையைப் பார்த்தார். உச்சியில் நாரை உட்கார்ந்திருந்தது. காலைச் சாப்பாடு பாதியில் நின்றுபோன எரிச்சல் அதற்கு.

மாசிலாமணி மட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினார். நிழல் விழுந்தது. ஏட்டு முதலில் வந்தது. அதன் பின்னால் மற்றவை. வாயைத் திறந்து, திறந்து மூடி, அவரைப் பார்த்தன. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மட்டை தண்ணீரில் இறங்கிய சத்தம் மலைவரை கேட்டது. கூடவே அவருடைய பழைய குரல், ஸ்டேஷனையே கிடுகிடுக்க வைத்த குரல்:

"போ! இனிமே இங்க வந்தே, தொலைச்சிருவேன்! போ!"

குளம் கலங்கிப்போயிற்று. மீன்கள் திசைக்கொன்றாகச் சிதறின. ஒளிய இடமில்லாமல் சேற்றில் முட்டி மோதின. அதைப் பார்த்த அம்மா, பேச்சித்தாயைக் கூப்பிட்டு விளிம்பு உடைந்த பானைகளைக் கொண்டுவரச் சொன்னார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, ஆழத்தில் ஒவ்வொரு பானையாகப் படுக்க வைத்தார்.

மறுநாளும் மாசிலாமணி அடித்தார். அதற்கு மறுநாளும் அடித்தார். அடித்துவிட்டு வரும்போதெல்லாம் முகம் நனைந்திருந்தது. குளத்துத் தண்ணி தெறிச்சிருச்சு என்று பேச்சித்தாயிடம் சொன்னார். அவளும் நம்பிய மாதிரி துண்டை நீட்டினாள்.

முதலில் சின்ன மீன்கள் வருவதை நிறுத்தின. பிறகு பெரியவை. ஏட்டு மட்டும் அடிச்சத்தத்துக்கு ஓடிப்போய், மறுநாள் திரும்ப வந்தது. அதற்கு நம்பிக்கை அவ்வளவு லேசில் போகவில்லை. கடைசியில் ஒருநாள் அதுவும் வரவில்லை.

"நாளைக்கு இருக்கு வேடிக்கை," என்றாள் பேச்சித்தாய். மறுநாள் காலை குடில் மொத்தமும் வாழைக்குப் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்தது. அம்மாவும் ஓர் ஓரத்தில் இருந்தார்.

நாரை இறங்கியது. ஒவ்வொரு படியாக நடந்து கடைசிப் படியில் நின்றது. நிழல் விழுந்தது.

"எய்யா, ஏதோ அசையுதே!" என்று பேச்சித்தாய் கிசுகிசுத்தாள்.

"சும்மா இரு. அது தாமரை," என்றார் மாசிலாமணி.

நிழல் விழுந்ததுதான் மிச்சம். குளம் கண்ணாடியாகக் கிடந்தது. ஒரு குமிழிகூட இல்லை. நாரை காலை மாற்றி நின்றது. இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. பந்தியில் இலையைப் போட்டுவிட்டுப் பரிமாற ஆள் வராத விருந்தாளி மாதிரி முழித்தது. பேச்சித்தாய் சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டாள். வெயில் உச்சிக்கு ஏறி நிழல் சுருங்கிப்போன பிறகு, நாரை ஒரு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊர்ப் பெரிய குளத்தைப் பார்த்துப் பறந்தது.

"போச்சு! போயிருச்சு!"

ஒரே கூச்சல். மாசிலாமணி பேச்சித்தாயின் அகப்பையைப் பிடுங்கிப் பானை மூடியில் கொட்டு அடித்தார். துண்டைச் சுழற்றினார். "ஜெயிச்சிட்டோம்லே!" என்று வாழைமரத்தைக் கட்டிப்பிடித்தார். அன்று குடிலில் பாயசம் வைத்தார்கள்.

ஆரவாரம் அடங்கிய பின், சாயங்காலம், அவர் தனியாகப் படித்துறைக்கு வந்தார். கையில் சிரட்டை. கடைசிப் படியில் நின்றார். ஒன்றும் வரவில்லை. ஆழத்தில் ஒரு பானை வாயில் மீசை ஒன்று தெரிந்தது. அவர் குனிந்ததும் சட்டென்று உள்ளே போய்விட்டது.

பின்னால் நாச்சியாரம்மா வந்து நின்றார்.

"ஏட்டுகூட வரலம்மா."

"ம்."

"ஊர் பூரா என்னைப் பாத்துப் பயந்துச்சு. பெத்த பிள்ளை பயந்தான். இதுகதான் பயப்படாம வந்துச்சு. இப்ப இதுகளையும் மிரட்டியாச்சு. பழையபடியே ஆயிட்டேனேம்மா. அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

அம்மா அவர் கையிலிருந்த சிரட்டையை வாங்கினார். தாமரை இலைகளுக்கு நடுவே, ஓசைப்படாமல், பொரியைத் தூவினார். கொஞ்ச நேரம் கழித்து இலைக்கு அடியில் தண்ணீர் மெல்ல அசைந்தது.

"மீனை மீனுக்காக மிரட்டுனீங்க," என்றார். "ஊரை யாருக்காக மிரட்டுனீங்க?"