அவிழ்க்க மறந்த கட்டு

அந்தப் புதன்கிழமை காலையில் தனுஷ்கோடி, பிரிசில்லா டீச்சர் வீட்டுக்குப் போனது வெறும் வயிற்றோடு. சர்க்கரை பார்க்க வேண்டும் என்பது சாக்கு. மனசில் இருந்தது வேறு.

எங்கள் ஊரில் ரத்தம் எடுக்கிற கைகளில் பாதி டீச்சர் பழக்கிய கைகள்தான். தனுஷ்கோடியும் அவரிடம் படித்தவர். இப்போது ஐம்பத்து நாலு வயசு, பேரன் பிறந்துவிட்டான், மாவட்ட லேப் டெக்னீஷியன்கள் சங்கத்துக்குப் பதினாறு வருஷமாகச் செயலாளர். வெளியில் அவர் நடையே வேறு. டீச்சர் முன்னால் மட்டும் இன்னும் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார்.

டீச்சர் ஓய்வு பெற்ற பிறகு வீட்டு முன்னறையிலேயே சின்னதாக ஒரு லேப் வைத்திருந்தார்.

"உக்காரு. சட்டையை மடிச்சு விடு."

உட்கார்ந்தார். டீச்சர் முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையை இழுத்துக் கட்டினார்.

"டீச்சர், சங்கம் செத்துக்கிட்டு இருக்கு."

"ம்."

"ரெண்டு தடவை பொதுக்குழு கூட்டிட்டேன். ஈ காக்கா இல்ல. மொதத் தடவை பதினொரு பேரு, அடுத்த தடவை ஒம்பது. அறுபது பேராவது வந்தாத்தான் கூட்டம் செல்லும். வர்ற ஞாயித்துக்கிழமை மூணாவது. அதுவும் போச்சுன்னா சங்கத்தைக் கலைச்சிரணும்னு விதி."

"கலைச்சா என்ன?"

தனுஷ்கோடிக்குச் சுருக்கென்றது.

"என்ன டீச்சர் இப்படிக் கேக்கீங்க? என் பிள்ளையைக்கூட நான் இப்படித் தூக்கி வளக்கல."

பொய் இல்லை. கொரோனாவுக்குப் பிறகு மனுஷன் செய்யாதது எதுவும் பாக்கி இல்லை. புது லோகோ போட்டார். போனைக் காட்டினால் விவரமெல்லாம் வருகிற அடையாள அட்டை அடித்தார். சனிக்கிழமைதோறும் ஆன்லைன் வகுப்பு வைத்தார். பொங்கல், ரம்ஜான், கிறிஸ்துமஸ் ஒன்று விடாமல் வாட்ஸப் குழுவில் தன் படத்தோடு வாழ்த்துப் போட்டார். கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டினானாம். ஆனால் இதை அவர் முகத்துக்கு நேரே யார் சொல்வது?

"சங்கம் எந்திரிச்சு நடக்க ஒரு வழி சொல்லுங்க டீச்சர். உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

டீச்சர் ஊசியை எடுக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டார்.

ஒரு நிமிஷம் போனது. தனுஷ்கோடியின் விரல் நுனி மதமதத்தது. டீச்சருக்கு வயசாகிவிட்டது, மறந்துவிட்டார் போல என்று நினைத்தார்.

"டீச்சர், கட்டு."

"தெரியுது."

"ஒரு நிமிஷத்துக்கு மேல கட்டி வைக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. சாம்பிள் கெட்டுரும்."

"எதுக்குக் கட்டுதோம்?"

"நரம்பு தெரியுறதுக்கு."

"தெரிஞ்சிட்டா?"

"அவுத்துரணும்."

"நீ கட்டினதை எப்ப அவுப்ப?"

"நான் எங்க டீச்சர் கட்டினேன்?"

டீச்சர் தன் போனை எடுத்துச் சங்கத்தின் வாட்ஸப் குழுவைத் திறந்து நீட்டினார். வரிசையாகத் தனுஷ்கோடியின் அறிவிப்புகள், தனுஷ்கோடியின் வாழ்த்துகள். நடுவில் வேறு ஒரு குரல் கிடையாது. கீழே எழுதுகிற இடத்தில் ஒரு வரி: அட்மின்கள் மட்டுமே செய்தி அனுப்ப முடியும்.

தனுஷ்கோடிக்கு ஞாபகம் வந்தது. இரண்டாவது அலை. ராப்பகலாகக் குழுவில் ஒரே கூப்பாடு. பெட் இருக்கா, சிலிண்டர் இருக்கா, எங்க லேப்ல கையுறைகூடத் தரலை, யாராவது கேளுங்க. இடையில் கஷாயக் குறிப்பும் வதந்தியும். ஒருநாள் பொறுக்க மாட்டாமல் அட்மின் தவிர யாரும் எழுத முடியாதபடி பூட்டிவிட்டார். நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி மூணு வருஷம் நீடித்துவிட்டது.

"வீரபாகுக்கு நீ ஆழ்ந்த இரங்கல் போட்டியே," என்றார் டீச்சர். "நானும் ஒரு வார்த்தை எழுதலாம்னு இடம் தேடினேன்."

வீரபாகு டீச்சரிடம் தனுஷ்கோடியோடு ஒரே வகுப்பில் படித்தவன். வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவன். வீடு வீடாகப் போய் மூக்கில் குச்சி விட்டுச் சாம்பிள் எடுத்தே நோயை வாங்கிக்கொண்டு, அதே அலையில் போய்ச் சேர்ந்தான்.

டீச்சர் பட்டையை அவிழ்த்தார். கை தெளியட்டும் என்று விட்டு, மறு கையில் கட்டி, நரம்பு தெரிந்ததும் ஊசி போட்டு, பட்டையைத் தளர்த்தி, ரத்தம் எடுத்தார். எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்தது.

பஞ்சை மடக்கிப் பிடித்தபடி, மற்றக் கையால் தனுஷ்கோடி போனை எடுத்தார். பூட்டைத் திறந்தார். "அன்பு உறுப்பினர்களே, இனி நீங்கள் மனம் விட்டுப் பேசலாம்" என்று எழுதிப் போட்டார். அவருக்கே நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

ஐந்து நிமிஷம் கழித்துப் போன் அதிர்ந்தது.

வீரபாகு என்று பேர் வந்தது.

"சார் நான் வீரபாகு. மூச்சு ரொம்ப வாங்குது. நம்ம ஆளுங்க யாராவது ஒரு பெட் சொல்லுங்க. கொஞ்சம் அவசரம் சார்"

அதன் கீழேயே இன்னொன்று வந்தது.

"நான் அவர் வீட்டுக்காரி சண்முகவடிவு. இது அன்னைக்கு அவர் எழுதினது. அனுப்பப் போகும்போது பூட்டிட்டீங்க. போன்ல அப்படியே கிடந்தது. இன்னைக்குத்தான் போகுது."

குழுவில் ஒருவர் பார்த்தார், மூவர் பார்த்தார்கள், ஒன்பது பேர் பார்த்தார்கள். தனுஷ்கோடியின் கட்டைவிரல் வீரபாகுவின் செய்தி மேல் அழுந்தி நின்றது. எல்லோருக்கும் அழிக்கவா என்று போன் கேட்டது.

"டீச்சர்..."

"சொல்லு."

"ஞாயித்துக்கிழமைக்கு நாலே நாள்தான் இருக்கு. எல்லாரும் பாக்குறதுக்கு முன்னால இதை எடுத்துரட்டுமா?"

டீச்சர் ரத்தக் குழாயில் அவருடைய பேரை எழுதிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"எடுத்துரலாம். உன்னால முடியும். நீதானே அட்மின்."