விருந்தாளிகளை அழைத்த ஆள்காட்டி

கடலோரக் காட்டில் ஓர் ஆள்காட்டிக் குருவி இருந்தது. கீரியோ பாம்போ கண்ணில் பட்டால் போதும், எழும்பிப் பறந்து தொண்டை கிழியக் கத்தும். அந்தக் குரல் கேட்டதும் பறவைகள் எல்லாம் உஷாராகிவிடும். பறக்கத் தெரியாத குஞ்சுகள் மண்ணோடு மண்ணாகப் படுத்துக்கொள்ளும்.

இவ்வளவு செய்தும் அதற்கு ஒருவரும் நன்றி சொன்னதில்லை. "காலங்காத்தாலேயே ஆரம்பித்துவிட்டாள்!" என்று சலித்துக்கொள்வார்கள். அந்தக் குறை அதன் மனத்தை அரித்துக்கொண்டே இருந்தது.

இளவேனில் வந்தது. புங்க மரங்கள் பூத்தன. புதருக்குப் புதர் கூடு. ஒருநாள் விடியற்காலையில் ஒரு முயல் தன் குட்டிகளோடு வந்தது.

"அக்கா, இதுகளுக்குக் கூடு பார்க்க வேண்டுமாம். கொஞ்சம் காட்டுகிறாயா?"

ஆள்காட்டி முன்னால் நடந்தது. "சத்தம் போடாமல் வாருங்கள்! இந்தக் களாப் புதருக்குள் தவிட்டுக்குருவி இருக்கிறாள். கிளை நுனியில் பை மாதிரி தொங்குகிறதே, அது தேன்சிட்டு வீடு. மணல்மேட்டில் கிடப்பவை கற்கள் இல்லை, கடற்பறவை ஆலாவின் முட்டைகள். பார்த்துக் கால் வையுங்கள்!"

"அக்காவுக்குத் தெரியாத கூடே இல்லை!" என்று முயல்குட்டிகள் வாய் பிளந்தன.

ஆள்காட்டிக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் மான்கள் வந்தன. அதற்கடுத்த நாள் இன்னும் பலர் வந்தார்கள். விடிந்தால் போதும், பறவை பார்க்கும் கூட்டம் ஒன்று அதன் பின்னால் நடந்தது.

ஒருநாள் அந்தக் கூட்டத்தின் கடைசியில் ஒரு கீரி நின்றது. ஆள்காட்டி கத்துவதற்கு அலகைத் திறந்தது.

"கத்தாதே அக்கா! நானும் பார்க்கத்தான் வந்தேன். வயிறு முட்ட நண்டு தின்றுவிட்டுத்தான் வந்திருக்கிறேன். உன்னைப்போல் எடுத்துச் சொல்ல இந்தக் காட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?"

திறந்த அலகு மூடிக்கொண்டது.

அன்றிலிருந்து கீரி தவறாமல் வந்தது. பின்னாலேயே பணிவாக நடந்தது. "இந்தத் தாய் எப்போது இரை தேடப் போவாள்? எந்தப் பக்கமாகத் திரும்பி வருவாள்?" என்று அக்கறையாகக் கேட்டது. ஆள்காட்டி ஒன்றுவிடாமல் சொன்னது.

தவிட்டுக்குருவிக்குப் பொறுக்கவில்லை. "கீரிக்கா என் வாசலைக் காட்டுகிறாய்? உனக்குப் புத்தி கெட்டுவிட்டதா?"

"அவர் ஒரு முட்டையையாவது தொட்டாரா? சும்மா ஏன் பயந்து சாகிறாய்!"

பிறகு கீரி ஒரு யோசனை சொன்னது. "ஆட்கள் வந்து சேர நேரமாகிறது, அக்கா. உன் குரல்தான் காடு முழுக்கக் கேட்குமே, அதைக் கொண்டே எல்லோரையும் கூப்பிட்டால் என்ன?"

அதுவும் சரியென்று பட்டது. ஆள்காட்டி தன் அபாயக் குரலால் விருந்தாளிகளை அழைத்தது. முதலில் பறவைகள் பதறி எழுந்தன. வருவது முயலும் மானும்தான் என்று கண்டதும் உட்கார்ந்துவிட்டன. நாளடைவில் யாரும் தலையைக்கூடத் தூக்கவில்லை. அப்போது ஆள்காட்டியின் முட்டைகளும் பொரித்திருந்தன. அம்மாவின் குரல் கேட்டால் அந்தக் குஞ்சுகள் ஓடிவந்து வரிசையாக நிற்கும். "என்ன அழகு!" என்று விருந்தாளிகள் கொஞ்சுவார்கள்.

ஒரு காலையில் ஆலாவின் முட்டைகளைக் காணோம்.

"அலை அடித்துக்கொண்டு போயிருக்கும்," என்றது கீரி.

மணல்மேடு வரைக்கும் அலை வராது. அது ஆள்காட்டிக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் கூட்டம் கலைந்துவிடும். அப்புறம் அக்கா, அக்கா என்று யார் பின்னால் வருவார்கள்?

"ஆமாம், அலைதான்," என்றது ஆள்காட்டி.

இரண்டு நாள் கழித்துக் களாப் புதரில் தவிட்டுக்குருவிக் குஞ்சுகளின் இறகுகள்தான் கிடந்தன. தவிட்டுக்குருவி அழவில்லை. வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"இனி யாரையும் கூட்டி வரமாட்டேன்!" என்றது ஆள்காட்டி.

"இனி இங்கே என்ன இருக்கிறது காட்டுவதற்கு? போ, உன் பிள்ளைகளைப் போய்ப் பார்!"

ஆள்காட்டி பதறிப் பறந்தது. அதன் குஞ்சுகள் இருந்த இடத்துக்குப் பக்கத்துத் தாழம்புதரிலிருந்து கீரி வெளியே வந்துகொண்டிருந்தது. ஆள்காட்டி தொண்டை கிழியக் கத்தியது. ஒரு சிறகும் எழவில்லை.

"கூட்டம் கிளம்பிவிட்டது போல," என்று ஒரு புறா கூட்டிலேயே கண்ணை மூடிக்கொண்டது.

குஞ்சுகள் அம்மாவின் குரலைக் கேட்டன. மண்ணில் பதுங்கவில்லை. ஓடிவந்து, வரிசையாக நின்று, கழுத்தை நிமிர்த்தின.

"படுங்கள்! படுத்துக்கொள்ளுங்கள்!"

அதற்கு இருந்தது அந்த ஒரே குரல்தான். அது கத்தக் கத்தக் குஞ்சுகள் இன்னும் நிமிர்ந்து நின்றன. ஆள்காட்டி சிறகு ஒடிந்ததுபோல் கீரியின் முன்னால் விழுந்து புரண்டது. கீரி அதைத் தாண்டிப் போனது.

"வழி காட்டியதே நீதான். இப்போது ஏன் அக்கா மறிக்கிறாய்?"

சிறிது நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

எஞ்சிய பறவைகள் உப்பங்கழியின் அக்கரைக்குப் போய்விட்டன. ஆள்காட்டியும் பின்னாலேயே போனது. அதை யாரும் விரட்டவில்லை. அது கத்தினால் யாரும் நம்பவும் இல்லை.

எச்சரிக்க வேண்டிய குரலைப் பாராட்டுக்கு அடகு வைப்பவர், தம்மை நம்பியவர்களோடு தம் வீட்டையும் சேர்த்துப் பறிகொடுப்பார்.