விரல்கள் பிரியும் முன்

"இந்த மரபணு எப்பலேர்ந்து நம்மகிட்ட இருக்கு, மேடம்?" என்று கேட்டார் டாக்டர் கனகசபை.

மைமூனா நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இன்னும் பழைய உயிரைப் பாருங்க, டாக்டர்."

அந்தக் கடலோர ஆய்வுக்கூடத்தில் மாணவராகச் சேர்ந்தபோது கனகசபைக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. ஆசிரியை மைமூனா அவரைவிட மிகவும் இளையவர். மதுரையில் பேர்பெற்ற அறுவை மருத்துவர், கடல் உயிர்களைப் படிக்க எதற்கு வருகிறார் என்று அங்கே எல்லோரும் பேசிக்கொண்டார்கள். மைமூனா மட்டும் கேட்கவில்லை.

ஒருநாள் கனகசபையே சொன்னார்.

ஒரே மகள். தாரிணி. கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தவள். ரத்தப் புற்றுநோய்.

கெட்டுப்போன செல்லும் வேலை முடிந்த செல்லும் தாமாகவே செத்து விலக வேண்டும் என்பது உடம்பின் ஒழுங்கு. அதற்கு ஆணையிடவென்றே சில மரபணுக்கள் உண்டு. தாரிணியின் ரத்தத்தில் அந்த ஆணை நின்றுபோனது. சாக வேண்டியவை சாகவில்லை. அவள் போய்விட்டாள்.

சாவைச் சுமந்துகொண்டு வந்த அந்த மரபணுக்கள் எங்கே தொடங்கின என்று தெரியாமல் தன்னால் இனி ஒரு வேலையும் செய்ய முடியாது என்றார் கனகசபை. கத்தியைத் தொட்டே வெகுநாள் ஆகிறது என்றார்.

மைமூனா அவருக்கு ஒரு மேசையைக் காட்டினார்.

கனகசபை மீனில் தேடினார். இருந்தன.

நத்தையில் தேடினார். இருந்தன.

ஜெல்லி மீனிலும் இருந்தன.

ஒவ்வொரு முறையும் போய்ச் சொல்வார். ஒவ்வொரு முறையும் மைமூனா அதே பதிலைத்தான் சொல்வார்.

கடைசியில் கடற்பஞ்சுக்கு வந்தார். மூளை இல்லை, இதயம் இல்லை, வாய்கூட இல்லை. பாறையில் ஒட்டிக்கொண்டு, உடம்பின் துளைகள் வழியே கடல்நீரை இழுத்து, வடிகட்டி உண்டு வாழ்கிற உயிர். அதன் வம்சமும் நம் வம்சமும் பிரிந்து அறுபது கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இதில் இருக்காது என்று அவர் நிச்சயமாக நம்பினார். இதில் இல்லையென்றால், இதற்குப் பிறகு எங்கோ ஓரிடத்தில்தான் இந்தச் சாவு உயிருக்குள் நுழைந்தது என்று ஆகும். அந்த இடத்தைக் கண்டுபிடித்து அதை வெறுக்கலாம்.

முடிவு ஒரு காலை நேரத்தில் வந்தது.

இருந்தன. மரபணுவின் எழுத்து அங்கங்கே மாறியிருந்தது. வம்சம் அதே வம்சம்தான்.

கனகசபை எழுந்துபோய், கடற்பஞ்சு இருந்த தட்டைக் கையால் தள்ளிவிட்டார். தண்ணீர் தரையெல்லாம் சிதறியது.

சத்தம் கேட்டு வந்த மைமூனா குனிந்து கடற்பஞ்சை எடுத்து, பக்கத்துத் தொட்டியின் நீருக்குள் மெல்ல விட்டார்.

"முதல்லேர்ந்தே இருந்திருக்கு," என்றார் கனகசபை. "கையும் காலும் வர்றதுக்கு முன்னாலேயே இந்தச் சாவு வந்து உக்காந்திருக்கு. எதுக்கு, மேடம்?"

மைமூனா ஈரக் கையைத் துடைத்துக்கொள்ளாமல், விரல்களை இறுகச் சேர்த்து, அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"வயித்துக்குள்ள கை முதல்ல எப்படி இருக்கும், டாக்டர்?"

எதற்குக் கேட்கிறார் என்று அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் பதில் சொன்னார். "துடுப்பு மாதிரி. தட்டையா இருக்கும்."

"அப்புறம்?"

"விரல் பிரியும்."

"எப்படிப் பிரியும்?"

மருத்துவ மாணவர்களுக்குக் கனகசபை பல ஆண்டுகள் நடத்திய பாடம் அது.

"இடையில இருக்கிற செல்லெல்லாம்..." என்று தொடங்கினார்.

மைமூனா தன் விரல்களை ஒவ்வொன்றாக, மெல்ல விரித்தார்.

"அதுங்களைச் சாகச் சொல்றது யாரு?"

"இதே மரபணுதான்," என்றார் கனகசபை.

மகள் பிறந்த அன்று செவிலி அவளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். இறுக மூடியிருந்த அந்தச் சின்னக் கையை அவர்தான் பிரித்துப் பார்த்தார். ஒவ்வொரு விரலும் தனித்தனியாக விரிந்து, அவருடைய சுட்டுவிரலைப் பற்றிக்கொண்டது.