ஓணான் ஆட்டிய தலை

எல்லா உயிர்களும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒரு கரிசல் காட்டு வேலியில் சடையன் என்ற ஓணானும் அவன் பெண்சாதி பூவாயியும் குடியிருந்தார்கள்.

சடையன் பிறவியிலேயே மந்தம் இல்லை. அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. பருந்து எந்த நேரத்தில் எந்தப் பக்கமிருந்து வரும், எந்தப் புற்றில் ஈசல் கிளம்பும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. அவனைக் கேட்டுவிட்டுத்தான் அக்கம்பக்கத்தார் இரை தேடவே போவார்கள்.

ஒரு வருடம் அவன் உட்காரும் வேலிக் கம்பிலேயே எறும்புகள் வரிசையாக ஏற ஆரம்பித்தன. வாயைத் திறந்தால் சாப்பாடு. பருந்தும் வேறு காட்டுக்குப் போய்விட்டது. அப்புறம் எதற்கு யோசிப்பது? யார் என்ன கேட்டாலும் தலையை மேலும் கீழும் ஆட்டுவான். கேட்டவர் போய்விடுவார். அவன் கண்ணை மூடிக்கொள்வான்.

பூவாயி விடவில்லை. தினமும் எதையாவது கேட்டு அவன் மூளையைக் கிளறப் பார்த்தாள்.

"நேத்து வெட்டுக்கிளிய எந்தச் செடியில பாத்தோம், சொல்லுய்யா."

தலையாட்டினான்.

"எந்தச் செடின்னு கேட்டா ஆமாங்கிறியே. சரி, நம்ம பனைமரம் ஆத்துக்குக் குளிக்கப் போயிருக்காம், தெரியுமா?"

அதற்கும் ஆட்டினான்.

பூவாயி தலையில் அடித்துக்கொண்டாள். "வேலை குடுக்காமப் போட்டா புத்தி மழுங்கிரும்யா. அப்புறம் தேவைன்னு கூப்பிட்டாலும் வராது."

ஆட்டினான். இப்படிப்பட்டவனோடு என்னதான் பேசுவது?

போன வருடம் மழைத் தண்ணீர் புகுந்து அவள் முட்டைகள் அத்தனையும் அழுகிப்போயிருந்தன. அதனால் இந்த முறை நான்கு நாள் அலைந்து மேடான இடமாகப் பார்த்தாள். ஆவாரஞ்செடி அடியில் குழி தோண்டிப் பத்து முட்டை இட்டு, மண்ணை மூடித் தலையாலேயே தட்டிச் சமமாக்கினாள். பசியில் கண் இருட்டியது.

"நான் போய் ஒரு வாய் தின்னுட்டு வாரேன். இடம் உனக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும். யாரு கேட்டாலும் சொல்லிராதய்யா."

ஆட்டினான்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் சாரைப்பாம்பு வந்தது.

"வெயில் கொளுத்துது, இல்லண்ணே?"

சடையன் தலையாட்டினான்.

"மதினி முட்டை போட்டாச்சாமே?"

ஆட்டினான்.

"எங்க, அந்த ஆவாரஞ்செடி அடியிலயா?"

ஆட்டினான்.

பாம்புக்கே நம்ப முடியவில்லை. "அப்ப நான் போய்ப் பாத்துட்டு வரட்டுமாண்ணே?"

அதற்கும் ஆட்டிவிட்டு, கம்பில் ஏறிவந்த எறும்புக்கு வாயைத் திறந்தான்.

பூவாயி திரும்பி வந்தபோது குழி திறந்து கிடந்தது. ஒரு முட்டை கூட மிச்சமில்லை. அவள் அழவில்லை. நேராக வேலிக் கம்புக்கு வந்தாள்.

"இங்க யாருய்யா வந்தா?"

சடையன் வழக்கம்போலத் தலையைத் தூக்கினான். அவள் முகத்தைப் பார்த்ததும் தலை பாதியில் நின்றது. எத்தனையோ நாளுக்குப் பிறகு யோசிக்க ஆரம்பித்தான். யாரோ வந்தார்கள். வெயில் என்றார்கள். மதினி என்றார்கள். ஆவாரஞ்செடி என்றார்கள். எல்லாம் மெதுமெதுவாகத்தான் வந்தது. வர வர அவன் கழுத்து வெட்கத்தில் சிவந்துகொண்டே போனது.

"நீயாய்யா காட்டிக் குடுத்த?" என்று கேட்டாள் பூவாயி.

சடையன் தலையாட்டினான். அந்த ஒரு தரம் மட்டும் யோசித்து ஆட்டினான்.

பூவாயி வேலியை விட்டு இறங்கிப் போனவள்தான், திரும்பவே இல்லை. அன்றிலிருந்துதான் பெண் ஓணான் முட்டையிட்டு மண்ணை மூடியதும் ஒருவரிடமும் சொல்லாமல் தன் வழியே போய்விடுகிறது. ஆண் ஓணானோ கழுத்துச் சிவக்க வேலியில் உட்கார்ந்து, அவள் கடைசியாகக் கேட்ட கேள்விக்கு இன்னும் தலையாட்டிக்கொண்டே இருக்கிறது.