பக்கத்து மெஷின்

"இர்ஷாத் திருடுறார், மேடம்" என்றான் பெலிக்ஸ்.

குணவதி நிமிர்ந்து பார்த்தாள். ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தின் சர்வர்கள் அவள் பொறுப்பு. பெலிக்ஸ் அவளிடம் வேலை கற்க வந்தவன். வயதில் அவளைவிட மூத்தவன்.

"எதை?"

"நெட்வொர்க்கை. அழைக்கிறவங்க குரல் அறுந்து அறுந்து வருது. நேத்து ஒருத்தர் சொன்ன தெருப் பேர்ல பாதிதான் கேட்டுச்சு. வண்டி வேற தெருவுக்குப் போயிடுச்சு."

"அந்த நோயாளி?"

"பிழைச்சுட்டார். ஆனா அடுத்த ஆள்?"

குணவதி திரையில் சர்வரின் பட்டியலைத் திறந்தாள்.

ஒரே சர்வருக்குள், இரண்டு தனிக் கணினிகள்போல, இரண்டு மெய்நிகர் மெஷின்கள் ஓடின. ஒன்றில் அழைப்புகள். மற்றொன்றில், பக்கத்துப் பிரிவில் இருக்கும் இர்ஷாத்தின் சாலை வரைபட வேலை. இரண்டுக்கும், வெளியிலிருந்து குரலும் தகவலும் வந்து இறங்கும் நெட்வொர்க் கார்டு ஒன்றுதான்.

"அவர் அள்ளினதுபோக மிச்சம்தான் நமக்கு வருது" என்றான் பெலிக்ஸ். "கேட்டா சிரிக்கிறார். அந்தச் சிரிப்பே சரியில்லை."

"அவர் மெஷினை நிறுத்தச் சொல்லுங்க."

பெலிக்ஸ் போன் செய்தான். இர்ஷாத் காரணம்கூடக் கேட்கவில்லை. உடனே நிறுத்திவிட்டான்.

"பார்த்தீங்களா? ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலை. மடியில கனம் இல்லாதவன் இப்படி அடங்கிப் போவானா?"

குணவதி ஒரு சோதனை அழைப்பைப் போட்டாள். ஹெட்போனை அவன் காதில் மாட்டினாள்.

பெலிக்ஸின் முகம் மாறியது.

"இன்னும் மோசமா இருக்கே!"

"ம்."

"வேற எங்கேயோ ஒளிச்சு ஓட்டுறார்."

"இந்த சர்வர்ல இப்ப நம்ம மெஷின் மட்டும்தான் ஓடுது. நீங்களே பாருங்க."

பார்த்தான். மீண்டும் பார்த்தான். பிறகு சந்தேகத்தோடு அவளைப் பார்த்தான்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

குணவதி விசைப்பலகைப் பக்கம் திரும்பினாள். அழைப்புகளைத் தற்காலிகமாக மாற்று சர்வருக்குத் திருப்பினாள். இந்த சர்வரை அணைத்து மறுபடி போட்டாள். அது எழும்போது அடிப்படை அமைப்புகளைத் திறந்து, ஒரு வரியில் விரல் வைத்தாள். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் முறை. வாங்கிய நாளிலிருந்து யாரும் தொடாதது.

"வேலை கொஞ்சம் குறைஞ்சா பிராசஸர் தூங்கப் போயிடும்" என்றாள். "குரல் வந்து கதவைத் தட்டும். அது எழுந்து வர்றதுக்குள்ள கார்டு நிரம்பி வழிஞ்சிடும். வழிஞ்சது போனதுதான்."

அந்த வரியை மாற்றி, முழு வேகத்துக்கு வைத்தாள். சர்வர் எழுந்தது. அழைப்பு மெஷினை மட்டும் திரும்பக் கொண்டுவந்து, மறுபடி சோதனை அழைப்பு போட்டாள்.

குரல் ஒரு எழுத்துகூட விடாமல் வந்தது.

பெலிக்ஸ் ஹெட்போனைக் கழற்றினான். ஆனாலும் விடவில்லை.

"அப்போ இர்ஷாத் மெஷின் ஓடினப்போ மட்டும் ஏன் கொஞ்சம் பரவாயில்லாம இருந்துச்சு?"

"அது ஓடுற வரைக்கும் பிராசஸரைத் தூங்க விடலை."

பெலிக்ஸ் ஹெட்போனை மேசையில் வைத்தான்.

போன் அடித்தது. இர்ஷாத்.

"பெலிக்ஸ் அண்ணே, குரல் சரியாச்சா? நம்ம வேலை கெடக்கட்டும். சரியாகிற வரைக்கும் என் மெஷின் அணைஞ்சே இருக்கட்டும்."

பெலிக்ஸ் போனைக் குணவதியிடம் நீட்டினான்.

அவள் வாங்கிக்கொள்ளவில்லை.